ஸ்லோ குக்கர்: 3.5 லிட்டரா, 6 லிட்டரா, முதலில் வாங்கத்தான் வேண்டுமா?

மாடிவீடு | ஏப்ரல் 4, காலை 7.15

நாலு பேர் இருக்கிற வீடு, இரண்டு பேர் வேலைக்குப் போகிறோம். ஸ்லோ குக்கர் என்ற மின்சாரப் பானையில் காலையில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுப் போனால் சாயங்காலம் குழம்பு தயார் என்கிறார்கள். குக்கரில் ஐந்து விசிலில் வேகிற கறிக்கு எட்டு மணி நேரம் எதற்கு? கரண்ட் பில் ஏறாதா? வாங்குவதென்றால் 3.5 லிட்டரா, 6 லிட்டரா?

அடுப்பங்கரை | ஏப்ரல் 4, காலை 8.02

கரண்ட் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் போட்டிருக்கும். 3.5 லிட்டர் பானை பெரும்பாலும் 200 வாட் பக்கம். எட்டு மணி நேரமும் முழுசாக இழுத்தாலும் 1.6 யூனிட். லோ என்ற நிலையில் வைத்தால் அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். பில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டிய சாமான் இல்லை.

எட்டு மணி நேரம் எதற்கு என்பதுதான் சரியான கேள்வி. பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகும். ஸ்லோ குக்கர் 100-ஐத் தாண்டவே தாண்டாது. எலும்பை ஒட்டிய ஜவ்வு 70 டிகிரிக்கு மேல் மெதுவாகக் கரைந்து பசையாகும், அதற்கு நேரம் வேண்டும். விசிலிலும் ஜவ்வு கரையும், ஆனால் ஒரு விசில் கூடினால் கறி நார் இறுகிவிடும், இன்னொன்று கூடினால் உதிர்ந்துவிடும். ஸ்லோ குக்கரில் அரை மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் ஆட்டுக்கறிக்கு ஒன்றும் ஆகாது. காசு கொடுப்பது இந்த நிதானத்துக்குத்தான்.

அதனால் எதைச் சமைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். ஆட்டுக்கால், நெஞ்செலும்பு, முன்சந்துக் கறி, முற்றின நாட்டுக்கோழி, கொண்டைக்கடலை என்றால் வாங்கலாம். துவரம்பருப்பு, பிராய்லர் கோழி, காய்கறிக் கூட்டு இதற்கெல்லாம் வாங்க வேண்டாம், விசில் குக்கரே மேல். சோறு இதில் குழைந்து அடியில் கஞ்சியாகிவிடும். சுக்கா வறுவல் நடக்கவே நடக்காது, தண்ணீர் வெளியே போக வழியில்லாத பாத்திரம் இது.

லோ என்றால் குறைந்த சூடு, ஹை என்றால் கூடின சூடு. காலையில் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு லோ.

அடுப்பங்கரை | ஏப்ரல் 4, காலை 8.20

ராஜ்மாவை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். இதை மட்டும் எல்லாரும் படிக்க வேண்டும்.

ஊறவைத்த ராஜ்மாவை நேரே ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சு உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 டிகிரியில் மணிக்கணக்காகக் கிடந்தால் அழியாது, வேகவைக்காத ராஜ்மாவைவிட நச்சு கூடவே ஆகலாம். வேகாத நாலைந்து விதை போதும், மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகு பானைக்கு மாற்றுங்கள். வெள்ளை ராஜ்மாவுக்கும் இதேதான். காய்ந்த மொச்சையையும் ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூடாமல் கொதிக்கவைத்த பிறகே போடுங்கள். கொண்டைக்கடலைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஃபியூஸ்வயர் | ஏப்ரல் 4, இரவு 9.40

சமையலை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மின்சாரத்தில் இரண்டு விஷயம்.

ஒன்று, வோல்டேஜ். சூடாக்கும் கம்பியின் வாட், வோல்டேஜின் இருமடிக்கு ஏற்றாற்போல் மாறும். 230-க்குச் செய்த பானைக்கு 200 தான் வருகிறது என்றால் சூடு கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. 190 என்றால் மூன்றில் ஒரு பங்கு. கோடையில் தெரு முழுக்க ஏசி ஓடும் நேரத்தில், லைனின் கடைசி வீட்டில் இது சாதாரணம். மிக்ஸி சத்தம் இறங்கினால் தெரிந்துவிடும். ஸ்லோ குக்கர் சத்தம் போடாமல் கறியை அரைவேக்காட்டில் வைத்திருக்கும்.

இரண்டு, கரண்ட் கட். பட்டன் வைத்த டிஜிட்டல் மாடல்களில் பல, கரண்ட் போய் வந்ததும் அணைந்தே நிற்கும். திருகு வைத்த பழைய மாதிரி தானாகத் திரும்பச் சூடேறும். நம் ஊருக்குத் திருகுதான். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. பகல் 11 மணிக்குப் போன கரண்ட் 3 மணிக்கு வந்திருந்தாலும், 6 மணிக்கு நீங்கள் வரும்போது பானை சூடாகத்தான் இருக்கும். நடுவில் நாலு மணி நேரம் ஆறிக் கிடந்தது தெரியாது.

முள் சுற்றும் 24 மணி நேர டைமர் பிளக் ஒன்றை அதே சுவிட்ச்போர்டில் தனி பாயிண்ட்டில் செருகி வையுங்கள். கரண்ட் இல்லாத நேரம் முள் நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் அது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பாருங்கள், கரண்ட் எவ்வளவு நேரம் போயிருந்தது என்பது அதுதான்.

மாடிவீடு | ஏப்ரல் 5, காலை 6.50

டைமர் யோசனைக்கு நன்றி. இன்வெர்ட்டரில் ஓடுமா? அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். அதை இங்கே செருகலாமா?

ஃபியூஸ்வயர் | ஏப்ரல் 5, காலை 7.30

செருகாதீர்கள். அது 120 வோல்ட் சாமான். 230-இல் செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் இழுக்கும், 240 வாட் பானை 880 வாட் அடுப்பாகிவிடும். பின் மாற்றும் அடாப்டர் வோல்டேஜைக் குறைக்காது, துளையைத்தான் பொருத்தும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 500 விஏ-வாவது வேண்டும், அதைப் பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில் ஓடவிட வேண்டும். கனடாவிலும் இதே வோல்டேஜ்தான். இங்கிலாந்து, சிங்கப்பூரிலிருந்து வருவது 230, பின் மட்டும் மாற்றினால் போதும்.

இன்வெர்ட்டரில் ஓடும். 150 ஏஎச் பேட்டரி ஒன்றில் ஏட்டுக்கணக்குக்கு 1800 வாட்-மணி இருக்கிறது. ஃபேன், லைட்டோடு சேர்த்து இரண்டு மூன்று மணி நேரக் கட்டைத் தாங்கும். திருகு மாடலுக்கு எந்த இன்வெர்ட்டரும் சரி. டிஜிட்டல் மாடலுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது நல்லது.

200 வாட்டுக்கு 6 ஆம்ப் பாயிண்ட் போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். வெளிக்கூடு கைசுடும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அடுப்பங்கரை | ஏப்ரல் 5, இரவு 10.15

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். லோ குறைந்த சூடு, ஹை கூடின சூடு என்று எழுதிவிட்டேன். அப்படியே எடுத்துக்கொண்டால் தப்பாகப் போகும். பல மாடல்களில் இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது கிட்டத்தட்ட ஒரே இடம், கொதிக்குச் சற்றுக் கீழே. ஹையில் மூன்று நாலு மணி நேரத்தில் அங்கே போகும், லோவில் ஏழு எட்டு ஆகும். ஹையில் ஒரு மணி என்றால் லோவில் இரண்டு மணி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ‘லோவில்தானே இருக்கிறது, பன்னிரண்டு மணி நேரம் கிடக்கட்டும்’ என்று கோழியை விட்டால் நூல் நூலாகிவிடும். பிராய்லர் கோழிக்குத் தொடை, லெக் பீஸ் மட்டும், லோவில் நாலு மணி நேரம். நெஞ்சுக்கறி வேண்டவே வேண்டாம்.

வார்ம் என்ற மூன்றாவது நிலை சமைக்க இல்லை. வெந்ததைச் சூடாக வைக்க, அதுவும் நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஓரத்தில் மூடியைச் சுற்றித் தேங்கி நிற்கும் நீர்தான் ஆவியை உள்ளே அடைக்கிறது. ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்ப 15, 20 நிமிடம் ஆகும். கண்ணாடி மூடி, வெளியிலிருந்தே பார்க்கலாம். நீர்த்துளி மறைத்தால் மூடியை லேசாகச் சுழற்றுங்கள், வழிந்துவிடும்.

அளவு பற்றிக் கேட்டதற்கு: பானை பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். சூடு அடியிலிருந்து வருவதில்லை, பக்கச் சுவரைச் சுற்றிய கம்பியிலிருந்து வருகிறது. பாதிக்குக் கீழே இருந்தால் ஓரம் காய்ந்து கருகும். முக்காலைத் தாண்டினால் நடுப்பகுதி சூடேற நேரமாகிவிடும். 3.5 லிட்டரில் உங்களுக்குக் கிடைப்பது 1.75-லிருந்து 2.3 லிட்டர் வரைதான். ஒரு கிலோ எலும்புக்கறி, கால் கிலோ வெங்காயம், தக்காளி, நாலு உருளைக்கிழங்கு போட்டால் சரியாக அங்கே வந்து நிற்கும். நாலு பேருக்கு அது போதும். 6 லிட்டருக்குக் குறைந்தது 3 லிட்டர் சமைக்க வேண்டும், தினமும் யார் சாப்பிடுவது? சில பெட்டிகளில் விளிம்பு வரையான கொள்ளளவு ஒன்றும் சமைக்கிற அளவு ஒன்றும் தனித்தனியாகப் போட்டிருக்கும். இரண்டாவதைப் பார்த்து வாங்குங்கள். குழம்புக்கு வட்டப் பானை, முழுக்கோழி வைக்கிறவர்களுக்கு நீள்வட்டம்.

செம்மண்சட்டி | ஏப்ரல் 6, மதியம் 2.10

ஆட்டுக்கால் என்று பெயரோடு விட்டுவிட்டீர்களே. எழுதுகிறேன்.

ஒரு செட், நாலு கால். வாட்டி, சுரண்டி, துண்டு போட்டு வாங்குங்கள். மஞ்சள் தடவிக் கழுவிவிட்டு, அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, மேலே திரளும் சாம்பல் நிற நுரையோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இதைத் தவிர்த்தால் சூப் கலங்கும், வாடையும் போகாது.

பிறகு பானையில் கால், தட்டிய இஞ்சி ஒரு விரல் நீளம், மஞ்சள்தூள் அரை ஸ்பூன், கொதிக்கிற தண்ணீர் ஒன்றரை லிட்டர். ஹையில் ஒரு மணி, பிறகு லோவில் ஒன்பது மணி. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி, ஒன்று வெடித்து அடுத்தது வரும் அளவுக்குத்தான் இருக்கும். அதற்கு மேல் கொதிக்காது, அதனால்தான் சாறு தெளிவாக நிற்கிறது. எலும்பு மூட்டிலிருந்து தானாகக் கழன்றால் பதம்.

மிளகு இரண்டு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், மல்லி ஒரு ஸ்பூன் கொரகொரப்பாக இடித்துத் துணியில் முடிந்து, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். முதலிலேயே போட்டால் மணம் முழுக்கப் போய்க் கசப்புதான் நிற்கும். பட்டை, கிராம்பு நேர்மாறு, ஊற ஊற ஏறும். வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் நல்லெண்ணெயில் தாளித்து, இறக்கும்போது உப்போடு சேர்க்க வேண்டும்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாக உறைந்து அசையும். உறையவில்லையென்றால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது இன்னும் இரண்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும்.

அடுப்பங்கரை | ஏப்ரல் 6, இரவு 9.05

அக்கா சொன்ன அந்த ஐந்து நிமிடக் கொதிக்கு ஒரு லாபம் கூட இருக்கிறது. கால் சூடாகவே பானைக்குள் போகிறது, பானையும் சீக்கிரம் சூடேறும்.

இனி கறிக்குழம்பு. சரியாக வரவில்லை என்று பெட்டிக்குள் எடுத்து வைத்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இரண்டு தப்பு: பச்சையாக எல்லாவற்றையும் கொட்டுவது, விசில் குக்கர் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவது.

வெங்காயம் இந்தப் பானையில் வதங்காது. வேகும், அவ்வளவுதான். மிளகாய்த்தூளின் பச்சை வாசனை எட்டு மணி நேரம் ஆனாலும் போகாது, அது எண்ணெய்ச் சூட்டில் போக வேண்டிய வாசனை. அதனால் வாணலியில் கால் கிலோ வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி, மூன்று ஸ்பூன் குழம்புத்தூள் போட்டு எண்ணெய் பிரிகிற வரை நின்று கிளறுங்கள். இருபது நிமிடம். இதைத் தவிர்க்கத்தான் ஸ்லோ குக்கர் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். கறியையும் அதிலேயே ஐந்து நிமிடம் பிரட்டிச் சூடாகப் பானைக்கு மாற்றுங்கள். வாணலியில் ஒட்டியிருப்பதைக் கால் டம்ளர் வெந்நீர் விட்டுச் சுரண்டி ஊற்றுங்கள், ருசி அதில்தான் இருக்கிறது.

ஒரு கிலோ கறிக்குத் தண்ணீர் மொத்தமே 150 மில்லி. கறியும் வெங்காயமும் விடுகிற நீர் எங்கும் போகாது. கோழி என்றால் சுரண்டி ஊற்றின தண்ணீரோடு சரி. உருளைக்கிழங்கு அடியிலும் ஓரத்திலும், கறி மேலே. லோவில் எட்டு மணி நேரம். தேங்காய் விழுதைக் கடைசி அரை மணி நேரம் ஹையில் சேருங்கள், தேங்காய்ப்பாலும் அப்படியே. முதலிலேயே ஊற்றினால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். கத்திரிக்காய், முருங்கைக்காய் கடைசி ஒரு மணி நேரம்.

நீர்த்துப் போனால் மாவு கரைத்து ஊற்றாதீர்கள். சாற்றை மட்டும் வாணலிக்கு வடித்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டுச் சுண்டவைத்துத் திரும்ப ஊற்றுங்கள்.

செம்மண்சட்டி | ஏப்ரல் 7, காலை 11.30

தம்பி, இரண்டு தக்காளி போட்ட சாற்றில் உருளைக்கிழங்கு வேகாதே. கறி பஞ்சாக இருக்கும், கிழங்கு நறுக்கென்று நிற்கும்.

அடுப்பங்கரை | ஏப்ரல் 7, மதியம் 1.00

ஆமாம் அக்கா, நீங்கள் சொல்வதுதான் சரி. புளிப்பு காயின் செல்சுவரை இறுக்கிவிடும். விசில் குக்கரில் 120 டிகிரி அதை முறித்துவிடும், இங்கே முடியாது. கிழங்கைத் தனியாக முக்கால் வேக்காடு வேகவைத்துக் கடைசி ஒரு மணி நேரம் சேர்ப்பது நல்லது. சாம்பாரிலும் இதேதான், பருப்பு குழைந்த பிறகே புளி.

பருப்பும் கடலையும் வேகாமல் போவதற்கு இன்னொரு காரணம் போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து தோலை இறுக்கும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அல்லது ஊறவைக்கும்போது கால் கிலோவுக்கு ஒரு சிட்டிகை ஆப்பசோடா. உப்பு போட்டால் கடலை வேகாது என்று சொல்வது சரியில்லை. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு போட்டால் தோல் மென்மையாகவே வரும். கடையில் வருஷக்கணக்காகக் கிடந்த கடலை என்றால் எதுவும் உதவாது.

கொண்டைக்கடலைக்கு அளவு: கால் கிலோ, இரவு முழுக்க ஊறினது, புது வெந்நீர் ஒரு லிட்டர், ஹையில் நாலு மணி நேரம்.

செம்மண்சட்டி | ஏப்ரல் 7, மாலை 4.45

இதெல்லாம் வெளிநாட்டுப் புதுமை என்று நினைக்கிறவர்களுக்காக. 1910-இல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் இக்மிக் குக்கர் என்று ஒன்று செய்தார். அடுக்குப் பாத்திரம், அடியில் கரி, வைத்துவிட்டு வேலைக்குப் போய் வரலாம். நம் பக்கத்து ருக்மணி குக்கரும் அந்த ஜாதிதான். அதற்கும் முன்னால் கும்முட்டி அடுப்பில் சாம்பல் மூடின தணலில் பால் கிடந்து ஏடு கட்டவில்லையா?

அடுப்பங்கரை | ஏப்ரல் 7, இரவு 8.20

மின்சாரப் பானையின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் 1940-இல் காப்புரிமை வாங்கினார். லிதுவேனியா யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலை பயறும் கறியும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பின் ஆறுகிற சூட்டில் வைத்துவிட்டு, மறுநாள் ஓய்வுநாளில் எடுத்துச் சாப்பிடுவார்கள். அந்தப் பானைதான் அவருக்கு முன்மாதிரி. பிறகு ரைவல் நிறுவனம் அதை வாங்கி 1971-இல் க்ராக்-பாட் என்று கடைக்குக் கொண்டுவந்தது.

கும்முட்டிப் பால் என்றதும் நினைவுக்கு வந்தது, பால் பாயசத்துக்கு இதைவிட நல்ல பாத்திரம் இல்லை. காய்ச்சிய பால் ஒரு லிட்டர், கழுவின பச்சரிசி 50 கிராம், ஹையில் மூன்றரை மணி நேரம், பானைக்கும் மூடிக்கும் இடையில் ஒரு மரக்கரண்டி. ஓரத்தில் படியும் ஏட்டை அரை மணிக்கு ஒருதரம் வழித்து உள்ளே விடுங்கள். மூடியைத் திறக்காதே என்ற விதி இதற்கு மட்டும் இல்லை. பால் மெல்ல இளஞ்சிவப்புக்கு மாறும். சர்க்கரை கடைசியில். 3.5 லிட்டர் பானைக்கு இரண்டு மடங்காகப் போடுங்கள், இல்லையென்றால் ஓரம் பிடிக்கும்.

மாடிவீடு | ஏப்ரல் 8, காலை 6.40

3.5 லிட்டர், திருகு மாடல், நாளை வருகிறது. காலையில் அவசரத்தில் ஃபிரீசர் கறியை அப்படியே போடலாமா? முந்தின இரவே எல்லாம் கலந்து பானையோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால்?

அடுப்பங்கரை | ஏப்ரல் 8, காலை 7.25

இரண்டும் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கறி கிடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் கிருமிக்குச் சாதகம். பானை மெதுவாகச் சூடேறும், உறைந்த கட்டியைப் போட்டால் அந்த நேரம் இரண்டு மடங்காகும். முந்தின இரவே ஃபிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கலந்து வைப்பதென்றால் மசாலாவை ஒரு டப்பாவிலும் கறியை இன்னொன்றிலும் வையுங்கள். பீங்கான் பானையை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துச் சூட்டில் உட்காரவைத்தால் விரிசல் விடும். காலையில் மசாலாவைக் கொதிக்கவைத்துக் கறியைப் பிரட்டிப் போடுங்கள், முதல் ஒரு மணி நேரம் ஹை. கிளம்பும்போது லோவுக்குத் திருப்புங்கள்.

பழைய குழம்பை இதில் சூடு பண்ணாதீர்கள். அடுப்பில் கொதிக்கவைத்த பிறகு வேண்டுமானால் பானையில் வார்மில் வைக்கலாம். மிஞ்சியதைப் பானையிலேயே ஆறவிடாமல், தட்டையான பாத்திரத்துக்கு மாற்றி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பீங்கான் சூட்டை விடாது, நடு ராத்திரி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும்.

கரண்ட் போனபோது வீட்டில் இருந்தால் உடனே கேஸுக்கு மாற்றி வேகவைத்துவிடுங்கள். ஆளில்லாத நேரத்தில் போய், ஃபியூஸ்வயர் சொன்ன டைமர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால், கறியைக் கொட்டிவிடுங்கள். திரும்பக் கொதிக்கவைத்தாலும் சில கிருமிகள் விட்ட நஞ்சு போகாது. வயிறெரியும்தான், ஆனாலும் கொட்டுங்கள்.

அடுப்பங்கரை | ஏப்ரல் 8, காலை 7.50

பெட்டியைப் பிரித்ததும் சமைக்காதீர்கள். முதலில் தண்ணீர் சோதனை. பானையில் பாதிக்கு மேல் சாதாரணத் தண்ணீர், மூடி போட்டு லோவில் எட்டு மணி நேரம். மூடியைத் திறந்த கையோடு சமையல் தெர்மாமீட்டரை நடுவில் விடுங்கள், தாமதித்தால் சூடு இறங்கிவிடும். காய்ச்சல் தெர்மாமீட்டர் 42 டிகிரிக்கு மேல் காட்டாது, அது ஆகாது. 85-லிருந்து 93 வரை இருந்தால் நல்ல பானை. 85-க்குக் கீழே என்றால் கறி சமைக்க வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள். 93-க்கு மேல் என்றால் ஆபத்தில்லை, ஆனால் குறிப்பில் எட்டு மணி நேரம் என்பதை ஆறரை என்று படியுங்கள்.

புதுப் பானையில் முதல் தடவை எண்ணெய் கருகுகிற வாடை வரும், இந்தச் சோதனையிலேயே போய்விடும். சூடான பானையில் குழாய்த் தண்ணீரைத் திறக்காதீர்கள், ஆறிய பிறகே கழுவுங்கள். உள்பூச்சில் மயிரிழை விரிசல் கண்டால் அந்தப் பானையை ஒதுக்கிவிடுங்கள்.

ஃபியூஸ்வயர் | ஏப்ரல் 8, காலை 8.10

சோதனை ஓடும்போது இரண்டு தடவை வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள், பகலில் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. 200-க்குக் கீழே இருக்கும்போது எடுத்த அளவை வைத்துப் பானையைக் குறை சொல்ல முடியாது.

மாடிவீடு | ஏப்ரல் 10, இரவு 9.55

மதியம் ஒன்றரைக்குப் போட்டேன். பகலில் 226 வோல்ட், இரவு எட்டுக்கு 211. எட்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர் 88 டிகிரி.

அடுப்பங்கரை | ஏப்ரல் 10, இரவு 10.10

211-லும் 88 என்றால் நல்ல பானை. இப்போதே கால் கிலோ கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள், ஆட்டுக்கால் ஞாயிற்றுக்கிழமை.